திருக்கடையூர் கல்யாணம் முடிந்த கையோடு தரங்கம்பாடி: மூன்று மணி நேரம், இரண்டு வாண்டுகள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கோவைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கடையூரில் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். பந்தி முடிந்து 1.30 மணிக்கு மண்டபத்தை விட்டுக் கிளம்பிவிடலாம். இரவு 7 மணிக்கு மயிலாடுதுறையில் ரயில். நடுவில் கிடைக்கிற நேரத்தில் தரங்கம்பாடி பார்க்க ஆசை. வாடகைக் கார் இருக்கிறது. மகன் நாலாம் வகுப்பு, மகளுக்கு ஐந்து வயது. மாமியாரும் கூட வருவார். முட்டி வலி, படி ஏறமாட்டார்.

என் சந்தேகங்கள்: எந்த வரிசையில் பார்த்தால் பிள்ளைகள் சோர்ந்துபோக மாட்டார்கள்? பூம்புகாரையும் இதே மதியத்தில் சேர்க்க முடியுமா? கடலில் இறக்கலாமா? டென்மார்க்கிலிருந்து வந்து இங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர் கதையை ஐந்து வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்வது?

---

பொறையார்க்காரன் பதில்:

முதலில் கணக்கு. திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி சுமார் 8 கிலோமீட்டர், கால் மணி நேரம். தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறை ஜங்ஷன் ஆக்கூர், செம்பனார்கோயில் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். முகூர்த்த நாள் என்றால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை முடிச்சோடு நடைமேடை ஏறி இறங்க அரை மணி. ஆக, 5 மணிக்குக் காரில் ஏறியே ஆகவேண்டும். உங்கள் கையில் இருப்பது 1.50 முதல் 5 வரை.

இதில் பெரும்பாலோர் செய்கிற தப்பு, ஊர் வாசலில் காரை நிறுத்திவிட்டு ராஜா வீதியில் நடந்து கடைசியில் கோட்டைக்குப் போவது. காலையில் வருகிறவர்களுக்கு அது சரி. ஆவணி மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த வீதியில் ஐந்து வயதுப் பிள்ளையை நடத்தினால், கோட்டை வருவதற்குள் "தூக்கு" என்று கையை நீட்டிவிடும். நீங்கள் தலைகீழாகப் போங்கள். வெயிலுக்குக் கோட்டை, வெயில் தாழ வீதி, கடைசியில் கடல்.

1.50: காரை நேரே கோட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். கோட்டைச் சுவர்கள் கனமானவை, உள் அறைகள் வெளியைவிடக் குளுமை. அங்கே உள்ள அகழ்வைப்பகத்துக்கும் (தொல்லியல் அருங்காட்சியகம்) சேர்த்து ஒரு மணி நேரம் போதும். டிக்கெட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், கல்யாணத் தேதி மாறி வெள்ளியில் விழுந்தால் கோட்டை திறந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். ஞாயிறு என்றால் கவலை இல்லை, கூட்டம் மட்டும் இருக்கும்.

3 மணி: காரிலேயே ஊர் வாசலுக்குத் திரும்பி, அங்கிருந்து ராஜா வீதியில் கடலை நோக்கி நடங்கள். அரை கிலோமீட்டர் சொச்சம்தான். வாசல் மேற்குப் பார்த்தது, அதனால் மதியத்துக்குமேல் அதன் முகப்பில் நேரே வெயில் விழும். படம் எடுக்க நல்ல நேரம். வழியில் சீயோன் ஆலயமும் புதிய எருசலேம் ஆலயமும். ஞாயிறு ஆராதனை காலையிலேயே முடிந்துவிடும், மதியம் பூட்டியிருக்கலாம். பூட்டியிருந்தால் வளாகத்தில் காவலர் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குமேல் சாவிக்காகக் காத்திருக்க வேண்டாம், முகப்பிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

4 மணி: கடற்கரை, மாசிலாமணிநாதர் கோயில். சூரியன் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும், கடல் கண்ணைக் கூசாது.

மாமியார் விஷயம்: கோட்டையில் தரைத்தளத்து அறைகளையும் முற்றத்தையும் அவர் பார்க்கலாம். மேலே ஏறப் படிதான். வீதி நடைக்கு அவர் காரிலேயே வரட்டும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆலய வாசலில் ஒருமுறை, கடற்கரையில் ஒருமுறை இறக்கிவிடுவார்.

கழிப்பறைக்கு மண்டபத்திலேயே எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். இங்கே வந்து தேடினால் அரை மணி போய்விடும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், கால் கழுவத் தனியாக இரண்டு லிட்டர். டீ, பலகாரம் ஊருக்குள் கிடைக்கும். உட்கார்ந்து சாப்பிடுகிற கடை வேண்டுமானால் பக்கத்தில் பொறையார். ஆனால் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு அது தேவைப்படாது.

---

சோழநாட்டு யாத்ரி பதில்:

பூம்புகாரைச் சேர்க்கலாமே? திருக்கடையூரிலிருந்து அதிக தூரம் இல்லை. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை அரை மணியில் பார்த்துவிடலாம்.

---

பொறையார்க்காரன் பதில்:

அண்ணே, திருக்கடையூருக்கு வடக்கே பூம்புகார், தெற்கே தரங்கம்பாடி. இரண்டையும் சேர்த்தால் போக வர ஒன்றரை மணி நேரம் காரிலேயே போய்விடும். மிச்சம் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தை இரண்டு ஊருக்குப் பங்கு வைத்தால் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கப்போவது கார் சீட் மட்டும்தான். அதோடு பூம்புகாரில் பழைய நகரம் கண்ணுக்கு நேரே நிற்பதில்லை; கலைக்கூடமே 1973-ல் கட்டியது, கதை தெரிந்த பிள்ளைக்குத்தான் அங்கே சுவை. தரங்கம்பாடியில் பழையது அப்படியே நிற்கிறது, தொட்டுப் பார்க்கலாம். அறியாத வயதுக்கு இதுதான் சரி.

---

கல்வெட்டுப்பித்தன் பதில்:

வரிசை நன்றாக இருக்கிறது. பிள்ளைகளிடம் கதையை எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் ஒரு திருத்தம்: டேனிஷ்காரரிடமிருந்து தொடங்காதீர்கள். இந்த ஊரை அவர்கள் உண்டாக்கினார்கள் என்ற எண்ணம் பையன் மனதில் விழுந்துவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம். கடலை ஒட்டி நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கோட்டை எழுந்தது 1620-ல். நடுவில் 314 ஆண்டு. கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. பட்டினம் என்று பெயர் இருக்கிறது என்றாலே அப்போதே துறைமுகம், வியாபாரம் எல்லாம் இருந்தது என்று அர்த்தம். டேனிஷ்காரர்கள் வந்ததே அதனால்தான். "அலைகள் பாடுகிற பாடி" என்கிற விளக்கம் காதுக்கு இனிமை. சொல்லுங்கள், ஆனால் கல்வெட்டுப் பெயர் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் எப்படி உருமாறும் என்பது நாலாம் வகுப்புக்குப் புரியும்.

கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதைக் காக்கத்தான் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். "கோயிலை ஏன் கடலுக்குள் கட்டினார்கள்?" என்று சின்னவள் கட்டாயம் கேட்பாள். கோயில் கடலுக்குள் போகவில்லை, கரைதான் அரித்து அரித்து உள்ளே வந்தது என்பதுதான் பதில்.

டேனிஷ் கதைக்கு நாலே வரி போதும். டென்மார்க்கிலிருந்து 1618-ல் கிளம்பிய கப்பல்கள் 1620-ல் இந்தப் பக்கம் வந்தன. கப்பல் தலைவர் ஓவ கெட்டே. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் மிளகு முதலான சரக்கு வாங்கவும் கோட்டை கட்டவும் அனுமதி பெற்றார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. தங்கத்தில் கடிதம் என்றால் ஐந்து வயதும் நிமிர்ந்து உட்காரும். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எத்தனை வருடம் இருந்தார்கள் என்று மகனைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 225 வரும்.

பிறகு ஏன் ஊர் வளரவில்லை என்று கேட்டால்: 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டது. இந்த ஊருக்கும் பிற்பாடு மயிலாடுதுறையிலிருந்து ஒரு மீட்டர்கேஜ் பாதை வந்து, 1986-ல் அதுவும் நின்றுபோனது. பணம் வராததால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லை. வீதி அப்படியே தங்கியதற்குக் காரணம் அதுதான்.

---

வாண்டு வாத்தியார் பதில்:

மேடம், தேதிகளை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கட்டிமேய்க்கிற வழி மட்டும் நான் சொல்கிறேன். பலகையைப் படித்துக் காட்டுவதை மூன்று முறைக்குமேல் செய்யாதீர்கள். நாலாவது பலகையில் பெரியவன் ஓட ஆரம்பிப்பான், சின்னவள் அவன் பின்னால். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், சுவரில் எழுதத் தோன்றும். நோட்டில் "கண்டுபிடி" பட்டியல் முந்தைய நாள் இரவே எழுதிவிடுங்கள். ஐந்து பொருள் போதும், எட்டு வைத்தால் முடிக்காமல் அழுகை வரும்.

கோட்டைக்குள்: பீரங்கி. திமிங்கல எலும்பு (அகழ்வைப்பகத்தில் இருக்கிறது, பீங்கான், வாள், நாணயம் எல்லாவற்றையும்விட இதன்முன்தான் பிள்ளைகள் நிற்பார்கள், அங்கே நேரம் கொடுங்கள்). ஒட்டகத் திமில் மாதிரியான கூரை. வீதியில்: ஊர் வாசலில் 1792. புதிய எருசலேம் ஆலய முகப்பில் 1718.

கடைசி இரண்டும்தான் பெரியவனுக்கு வேட்டை. இரண்டு இடத்திலும் ஆண்டோடு அரச கிரீடமும் அரசரின் பெயரெழுத்துகளும் இருக்கும். 1718-ல் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், 1792-ல் ஏழாம் கிறிஸ்தியான். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பூ மாதிரி இருக்கும், உடனே வாசிக்க வராது. "எத்தனையாவது அரசர்?" என்று அதற்குள் ஒளிந்திருக்கிற எண்ணைத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் சத்தமே இருக்காது. நோட்டில் அதைப் பார்த்து வரையச் சொல்லலாம். காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு உதிரும்.

சின்னவளுக்கு வேறு வேலை. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் 1706 ஜூலை 9-ல் இங்கே வந்து இறங்கினார், வயது 23. தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். இதை ஆலயத்தில் சொல்லுங்கள். பிறகு கடற்கரையில் ஈர மணலில் அவளை எழுதச் சொல்லுங்கள், "நீ வாத்தியார், அண்ணன்தான் சீகன்பால்க்" என்று. அண்ணன் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். யூகேஜி படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெருமை கிடையாது.

கோட்டை மேல்தளத்தில் மட்டும் விளையாட்டே கூடாது. விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு உயரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி. மாமியார் கீழே இருப்பதால் நீங்களும் கணவரும் ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

---

கடலோரக் கவிராயர் பதில்:

சீகன்பால்க் பற்றிச் சொல்லும்போது, இந்தியாவிலேயே முதல் அச்சுக்கூடம் வந்த ஊர் இதுதான் என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள். அப்புறம் இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், உடம்புக்கு ரொம்ப நல்லது.

---

கல்வெட்டுப்பித்தன் பதில்:

கவிராயரே, இரண்டும் பரவலாகச் சொல்லப்படுகிறது, இரண்டிலும் சிக்கல்.

இந்தியாவில் அச்சு இயந்திரம் முதலில் வந்தது கோவாவுக்கு, 1556-ல். தமிழ் எழுத்திலேயே 1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாகிவிட்டது. தரங்கம்பாடி அச்சுக்கூடம் 1712, 1713-ல்தான் வருகிறது. இந்த ஊரின் பெருமை வேறு. இங்கே அச்சடிப்பது ஒருமுறை நடந்து நின்றுபோகாமல் தொடர்ந்தது. புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் 1715-ல் அச்சாகி முடிந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதம் நிறையச் செலவானதால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்குப் பக்கத்திலேயே பொறையாறில் ஆலை போட்டார்கள். "எழுத்து பெரிசா இருந்தா என்னடா நஷ்டம்?" என்று பையனிடம் கேளுங்கள், காகிதக் கணக்கைத் தானே பிடித்துவிடுவான். சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் முடிந்தது, 1719-ல் அவர் இறந்தார். கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போவதற்கு அதுவே காரணம். அவர் வாழ்ந்த வீட்டில் 2017 முதல் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் நேரத்துக்கு அதை விட்டுவிடுங்கள், அச்சில் ஆர்வம் உள்ள பெரிய பிள்ளைகளுக்கானது.

ஓசோன் கதை: கடற்கரையில் மூக்கில் ஏறுகிற அந்த வாசனையை ஓசோன் என்று பழைய காலத்தில் நினைத்தார்கள். அது கடல் நுண்ணுயிர்களிலிருந்து வருகிற ஒரு கந்தகச் சேர்மத்தின் வாசனை. தரைமட்டத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். காற்று நன்றாக வீசும், அது போதாதா?

---

கடலோரக் கவிராயர் பதில்:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. காற்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

---

துறைமுகத் தம்பி பதில்:

அக்கா, கடலில் இறக்கலாமா என்ற கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம். உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்குகிற கடற்கரை இல்லை இது. அலை திரும்பும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போகும். பெரியவருக்குக் கூச்சமாக இருக்கிற இழுப்பு, ஐந்து வயதுப் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். அதனால் முழங்காலுக்குக் கீழேயே, கையை விடாமல். மணல் உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கோயில் பக்கத்துப் பாறைகளில் ஏறவே விடாதீர்கள். ஈரப் பாறையில் பாசி படிந்து வழுக்கும், பாறையில் ஒட்டியிருக்கிற சிப்பிகள் பிளேடு மாதிரி கிழிக்கும், இரண்டு பாறைக்கு நடுவில் கால் மாட்டினால் அடுத்த அலை மேலே வந்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அழகு, அவ்வளவுதான்.

கடலைக் கடைசியில் வைத்தது ரொம்பச் சரி. முதலில் இறக்கினால் ஈரப் பாவாடையோடு அகழ்வைப்பகத்துக்குள் போகவேண்டும். உப்பும் மணலும் தொடையில் உரசி மூன்று மணி நேரமும் அழுகை. ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, ஒரு துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. இவை பெட்டிக்குள் இல்லாமல் கார் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். பட்டுப்பாவாடையை மண்டபத்திலேயே மாற்றிவிடுங்கள். 4.35-க்கு "இன்னும் பத்து அலை, எண்ணு" என்று சொல்லுங்கள், பெரியவன் எண்ணட்டும். நேரம் சொன்னால் கேட்க மாட்டார்கள், எண்ணிக்கை சொன்னால் கேட்பார்கள். 4.45-க்குக் கால் கழுவ ஆரம்பித்தால் 5-க்கு வண்டி நகரும்.

---

கோவைக்காரி பதில்:

அனைவருக்கும் நன்றி. பூம்புகாரை விட்டாச்சு. பட்டியலை நோட்டில் எழுதிவிட்டேன். இரண்டே கேள்வி: மழை வந்தால்? பந்தி இழுத்து 2.30-க்குத்தான் கிளம்ப முடிந்தால் எதை வெட்டுவது?

---

பொறையார்க்காரன் பதில்:

ஆவணியில் மழை வந்தால் பெரும்பாலும் சாயங்கால இடிமழை, வந்த வேகத்தில் விட்டுவிடும். கருத்துக்கொண்டு வந்தால் கடற்கரையிலும் கோட்டை மேல்தளத்திலும் நிற்காதீர்கள், சுற்றிலும் உயரமாக எதுவும் இல்லாத வெட்டவெளி, இடி பயம் உண்டு. கோட்டையின் கீழ் அறைகளுக்குள் வந்துவிடுங்கள். மழைநாளில் வீதி நடையைக் காரிலேயே முடித்து, வாசலிலும் ஆலய முகப்பிலும் மட்டும் இறங்குங்கள்.

2.30-க்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் குறைகிறது. வீதி நடையை எடுத்துவிடுங்கள். ஊருக்குள் நுழையும்போதே வாசலில் ஐந்து நிமிடம், ஆலய முகப்பில் ஐந்து நிமிடம், பட்டியலில் உள்ள இரண்டு ஆண்டும் கிடைத்துவிடும். பிறகு நேரே கோட்டை, 3 முதல் 4 வரை. மீதி கடற்கரை. கடற்கரையை வெட்டிவிட்டு ஆலயத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கடலைக் காட்டிவிட்டு இறக்காமல் கூட்டிப்போனால் மயிலாடுதுறை வரை காரில் உட்கார முடியாது.

3.30-க்குமேல் ஆகிவிட்டால் கோட்டைக்கு 35 நிமிடம், கடலுக்கு 25 நிமிடம். மாமியாருக்குக் கோட்டை மைதானத்துப் பக்கம் காற்று வாங்க ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவாருங்கள், மண்டபக்காரரிடம் கேட்டால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியே கொடுத்துவிடுவார். திருப்பிக் கொடுக்க அந்த வழியாகத்தான் போகவேண்டும்.